தீர்த்தம் சொட்டிய சுவர்

நிலத்தடி நீருக்கும் கீழே தோண்டிய குழிக்குள் இறங்கி, சுற்றி நிற்கும் தடுப்புச் சுவர் ஒழுகுகிறதா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. ஒழுகுகிறது என்றால் யாருக்கும் பிடிக்காது, ஒழுகவில்லை என்றால் எனக்கே நம்பிக்கை வராது.

வாடகை வீட்டில் கூரைக்குக் கீழே வாளி வைத்துவிட்டுப் படுத்தவர்கள், மேல்மாடிக் குளியலறைத் தண்ணீர் தங்கள் சாப்பாட்டு மேசையில் சொட்டும்போது 'அது ஒண்ணுமில்ல லா' என்று வீட்டுக்காரர் சொல்லக் கேட்டவர்கள், இதைப் படியுங்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது.

ஈப்போ மண்ணைப் பற்றி முதலில் கொஞ்சம். ஊரில் பெரும்பகுதி, ஈயத்துக்காக ஒருமுறை தோண்டிப் புரட்டிப் போட்ட மணல். அதற்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, பாறைக்குள் பொந்துகள், பொந்துகளுக்குள் தண்ணீர். இப்படிப்பட்ட இடத்தில்தான் கார் நிறுத்தக் கீழே இரண்டு மாடி வேண்டும் என்று கட்டடக்காரர்கள் ஆசைப்படுகிறார்கள். அதற்காகக் கான்கிரீட் தூண்களை நெருக்கி நெருக்கி இறக்கி, குழியைச் சுற்றி ஒரு சுவர் ஆக்குகிறார்கள். தரைமட்டத்தில் தூண்கள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டுதான் நிற்கும். ஆழம் போகப் போக ஒன்றிரண்டு சற்றே விலகும். விலகிய இடத்தில் தண்ணீர் வரும். வெறும் தண்ணீர் வந்தால் பம்ப் வைத்து இறைத்துவிடலாம். மணலையும் கூட்டிக்கொண்டு வந்தால் அது யாருடைய வீட்டுக்கு அடியிலிருந்தோ வருகிறது என்று பொருள். சிலிபின் பக்கம் நான் பார்த்த குழியில், அந்த வீடு புஷ்பம் அக்காவுடையது.

இதுக்கா படிச்ச

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஹுத்தான் மெலிந்தாங்கில் ஒரு நிச்சயதார்த்தம். பந்தியில் என் பக்கத்தில் சித்தி உட்கார்ந்தார். என்ன வேலை என்று கேட்டார். நான் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வும் செய்துகொண்டு, ஒரு மண்ணியல் ஆலோசனை நிறுவனத்தில் வேலையும் பார்க்கிறேன் என்று தொடங்கினேன். கேட்டது அது இல்லை, என்ன செய்வாய் என்று சொல் என்றார். சுவரில் தண்ணீர் கசிகிறதா என்று பார்ப்பேன் என்றேன்.

சித்தி இலையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னை முழுதாக ஒருமுறை பார்த்தார். அது சாதாரணச் சுவர் இல்லை சித்தி, பின்னால் தண்ணீரின் அழுத்தம் எவ்வளவு என்று தெரியுமா, சுவர் விட்டுக்கொடுத்தால் தெருவே இறங்கிவிடும் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். பாயசம் வரும்வரை விளக்கினேன். எதிர்வரிசையில் இருந்தவர்கள்கூடச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். எல்லாம் புரிந்ததுபோலச் சித்தி தலையாட்டியதில் எனக்குச் சின்னதாக ஒரு பெருமைகூட வந்தது. அப்புறம் அவர் சொன்னார்: "எங்க வீட்டு பாத்ரூம் சுவரும் ரொம்ப நாளா ஊறிக்கிட்டுக் கிடக்கும்மா, கை கழுவிட்டு ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயேன்."

பெரட்டுக்கு வந்த கிராணி

குழியின் பொறுப்பாளர் மிஸ்டர் லோ, சீனர். அவர் குடும்பம் சுங்காய் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தது. அதனால் என்னைவிடச் சுத்தமான தோட்டத்துத் தமிழ் பேசுவார். காலையில் ஆட்களை நிறுத்திப் பாதுகாப்பு பற்றிப் பேசும் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் பெரட்டு. தோட்டத்தில் விடியுமுன் ஆள் எண்ணுவார்களே, அதே பெரட்டு. கையில் பேனாவோடு வருவதால் நான், தோட்டத்தில் கணக்கெழுதுகிறவரைச் சொல்வதுபோல, கிராணி.

முதல் வாரமே, புஷ்பம் அக்கா வீட்டுப் பக்கச் சுவரில் இரண்டு தூண்களுக்கு நடுவே ஓர் ஈரத் தடம் பார்த்தேன். சுண்ணாம்புக் கட்டியால் சுற்றி வட்டம் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த முறை போனால் வட்டமும் இல்லை, ஈரமும் இல்லை. உடனே இறுகும் சிமெண்டைக் குழைத்து அப்பி, பலகை வைத்துத் தேய்த்து, பெண் பார்க்க வருகிறவர்களுக்காக வீட்டைத் துடைத்ததுபோல வைத்திருந்தார்கள். தண்ணீருக்கு அது தெரியவில்லை. ஒரு கை அகலம் தள்ளி, அடுத்த இணைப்பில் வந்துகொண்டிருந்தது. அதை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அடியில் மெல்லிய மணல் படிந்தது.

போத்தலை லோவின் மூக்குக்கு நேரே நீட்டி, பூசி மறைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும், இப்போது மண்ணையும் சேர்த்து இழுக்கிறது, முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள், பிறகு சுவருக்குப் பின்னால் துளை போட்டு, சிமெண்டுக் கூழைச் செலுத்தி அடைக்க வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் போத்தலை வாங்கினார். வெயிலில் தூக்கிப் பார்த்தார். குலுக்கினார். படிந்த மணல் மறுபடி கலங்கிப் போனது. திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "கிராணியம்மா, ஈப்போவில எந்தத் தண்ணியில மணல் இல்ல, நீ குடிக்கிற தண்ணியப் பிடிச்சு வெச்சுப் பாரு லா."

தண்ணீர் ஊற்றி வளர்த்த குழாய்

சுவருக்கு வெளியே, புஷ்பம் அக்கா வீட்டு வேலியோரம், மண்ணுக்குள் ஒரு குழாய் இறக்கியிருக்கிறோம். நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அது காட்டும். ஒரு நாடாவை உள்ளே விடுவேன். நுனி தண்ணீரைத் தொட்டதும் கீச்சென்று கத்தும். மட்டம் இறங்கிக்கொண்டே போனால், வெளியிலிருக்கும் தண்ணீர் சுவர் வழியாகக் குழிக்குள் போகிறது என்று அர்த்தம். ஒருநாள் நாடா வெகு ஆழத்தில்தான் கத்தியது. பக்கத்தில் நின்ற முனியாண்டி அண்ணனிடம், தண்ணீர் இப்படி இறங்கியிருக்கிறதே, இது நல்லதில்லை அண்ணே என்று புலம்பிவிட்டுப் போனேன். அவர்தான் அங்கே பம்ப்களையும் ஆட்களையும் பார்த்துக்கொள்கிற தலைமை ஆள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் மட்டம் நன்றாக மேலே இருந்தது. மழையே இல்லாத வாரத்தில்கூட இருந்தது. நான் ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டினேன். பாறைப் பொந்திலிருந்து புது ஊற்று வருகிறதோ என்று யோசித்தேன். இதை வைத்தே என் ஆய்வில் ஓர் அத்தியாயம் எழுதலாமா என்றுகூடப் பார்த்தேன். ஒருநாள் சொல்லாமல் சீக்கிரமே போய் நின்றபோது, முனியாண்டி அண்ணன் ரப்பர்க் குழாயை என் குழாய்க்குள் செருகித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். ரோஜாச் செடிக்கு விடுகிற பக்குவம் அவர் கையில் இருந்தது.

ஏன் அண்ணே என்றேன். கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லை. கள்ளத்தனம் அந்த முகத்தில் துளியும் இல்லை. அவர் சொன்னது இது: "தண்ணி கொறஞ்சு போச்சுன்னு அன்னிக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போனீங்கல்ல மிஸ், பாக்கவே பாவமா இருந்துச்சு, அதான் நீங்க வாரதுக்கு முன்னாடி கொஞ்சம் ஊத்தி வெச்சிடுறது."

ரோஸ் நிறச் சுவர்

புஷ்பம் அக்கா தனியாக இருக்கிறார். வீட்டின் பின்கட்டு முழுக்கச் சமையலறை. கல்யாணம், காது குத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் அங்கிருந்துதான் சட்டி போகும். அந்தப் பின்கட்டு எங்கள் சுவரிலிருந்து ஒரு சந்து அகலத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு லோங்காங் ஓடுகிறது. தண்ணீர் போகச் சிமெண்டு போட்ட பழைய சாக்கடை அது. சமையலறைச் சுவரில் ஒரு வெடிப்பு விழுந்திருந்தது. அது அகலமாகிறதா என்று பார்க்க, கோடு போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் தகட்டை அதன் குறுக்கே ஒட்டிவிட்டு வந்தேன். வெடிப்பு நகர்ந்தால் தகட்டில் தெரிந்துவிடும். வெடிப்பு நகரத்தான் செய்தது. மூன்றாம் முறை போனபோது அதன் வழியாக வெளிச்சமே தெரிந்தது.

நான்காம் முறை போனபோது வெடிப்பைக் காணோம். தகட்டையும் காணோம். பட்டி பூசி, அதன் மேல் ரோஸ் நிறச் சாயம் இரண்டு கை அடித்துச் சுவர் பளபளவென்று இருந்தது. சாயத்துக்கு அடியில் என் தகடு ஒரு தழும்பைப்போலப் புடைத்துக்கொண்டு தெரிந்தது. அம்மன் கோயில் திருவிழா வருகிறது, கரகம் தெருவைச் சுற்றும், அவர் வாசலில் நிற்கும். அதற்கு வீட்டைத் தயார் செய்கிறார்.

நான் வாதாடினேன். இது உங்கள் வீட்டுக்காக ஒட்டியதுதான் அக்கா, நாளைக்கு வழக்கு என்று வந்தால் இதுதான் சாட்சி, சாட்சியின் மேல் சாயம் அடித்துவிட்டீர்களே என்றேன். அவர் அடுப்படியிலிருந்து திரும்பவேயில்லை. கடுகு தாளித்து முடித்தபிறகுதான் வாயைத் திறந்தார்: "ஆத்தா வாசலுக்கு வாரப்ப, வீடு வாயப் பொளந்துக்கிட்டு நிக்கணும்னு சொல்றியா நீ?"

காட்டும் பிள்ளை

எங்கள் நிறுவனத்தில் எனக்கு மேலே இருப்பவர் செல்வநாதன் சார். தாத்தா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். இன்னமும் வீட்டுப் பேச்சைத்தான் அலுவலகத்திலும் பேசுகிறார். தோண்டுவதை நிறுத்தச் சொல்லி எழுத்தில் கொடுக்க அவருக்கு அதிகாரம் உண்டு. நான் போய் நின்றேன். ஈரத் தடத்தைப் பூசி மறைத்துவிட்டார்கள், குழாயில் தண்ணீரை ஊற்றிவிட்டார்கள், வெடிப்புக்குச் சாயம் அடித்துவிட்டார்கள், அத்தனையும் ஒரே பக்கத்தில், புஷ்பம் அக்கா வீட்டுப் பக்கத்தில், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அவர் மெதுவாகத்தான் கேட்டார். தடம் எங்கே, இப்போது தெரிகிறதா? தெரியவில்லை. குழாயின் அளவுகள் நம்பக்கூடியவையா? இல்லை. வெடிப்பு இப்போது எவ்வளவு அகலம்? பட்டிக்கு அடியில் இருக்கிறது. இந்த நிலையில் அவர் நிறுத்தச் சொன்னால் கட்டடக்காரர்களின் வக்கீல் மறுநாளே இதே கேள்விகளைக் கேட்பார், பதில் இல்லாமல் நின்றால் அடுத்த முறை நாங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிற்க மாட்டார்கள் என்றார். அப்படியானால் லோங்காங்கில் சாயத்தைக் கரைத்து விடுவோம், குழிக்குள் அதே நிறம் வந்தால் தெரிந்துவிடும் என்றேன். அது நகராண்மையின் சாக்கடை. அனுமதி கேட்டு எழுதி வெகு நாளாகிறது, பதில் வரவில்லை, வரும்வரை பொறுக்க வேண்டும் என்றார். அதுவரை?

அதுவரை ஒரு வீடு காற்றில் நிற்கலாமா என்று குரலை உயர்த்தினேன். பக்கத்து அறைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றுவிட்டது. செல்வநாதன் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் களைப்புதான். ஆனால் அவருடைய களைப்பு என்னுடையதைவிட வயதில் மூத்தது. "பிள்ளை, நீர் சொல்லுறது முழுக்கச் சரியா இருக்கலாம். சரியா இருக்கிறது உம்மட பாடு. அதைக் காட்டினாத்தான் நான் நிப்பாட்டலாம்."

தீர்த்தம்

திருவிழா ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கும் குழியில் வேலை. கடைசி அடுக்கு மண்ணையும் எடுத்துவிட்டால் தரைக்குக் கான்கிரீட் போட்டுவிடலாம் என்று லோவுக்கு அவசரம். முனியாண்டி அண்ணன் இந்த வருடம் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தவர். லீவு கேட்டார், கிடைக்கவில்லை. மேலே உறுமி மேளம் கேட்கக் கேட்க, கீழே சேற்றில் நின்று பம்ப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி அடுக்கை எடுக்கும்போது யாராவது பார்க்க வேண்டுமே என்று நானும் கீழேதான் இருந்தேன்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரகம் தூக்கி வருகிறவர்கள் வாசலில் நிற்கும்போது, வீட்டுக்காரர்கள் மஞ்சள் கரைத்து வேப்பிலை போட்ட தண்ணீரைக் குடம் குடமாக அவர்கள் காலில் ஊற்றுவார்கள். புஷ்பம் அக்கா எதையும் குறைத்துச் செய்கிறவர் இல்லை. பெரிய நீலப் பீப்பாய்களில் மஞ்சள் தண்ணீர் கரைத்து வைத்திருந்தார். ஊற்றிய தண்ணீரெல்லாம் வாசலிலிருந்து வழிந்து, வீட்டைச் சுற்றி, எங்கள் சுவருக்குப் பின்னால் ஓடும் அந்த லோங்காங்குக்கு வந்திருக்கிறது.

மேலே மேளம் உச்சத்தில் இருந்தது. கீழே, பூசி மறைத்த இடத்துக்குப் பக்கத்து இணைப்பில், கலங்கலாக வந்துகொண்டிருந்த தண்ணீர் மஞ்சளாக மாறியது. முதலில் வெயில் விழுந்து அப்படித் தெரிகிறது என்று நினைத்தேன். பிறகு வாசம் வந்தது. அரைத்த மஞ்சளின் வாசம். முனியாண்டி அண்ணனும் பார்த்துவிட்டார். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றினார். சேற்றிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு சுவருக்குப் போனார். இரண்டு கையையும் குவித்து ஏந்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மீதியைத் தலையில் தெளித்துக்கொண்டார். அவரோடு வேலை செய்யும் இன்னும் இரண்டு பேரும் வரிசையில் நின்றார்கள். மண் அள்ளும் மெஷினை ஓட்டிய வங்காளதேசத்துக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அது லோங்காங் தண்ணி," என்றேன்.

"இருக்கட்டும் மிஸ்."

"அண்ணே, இது தீர்த்தம் இல்ல, கசிவு. இவ்வளவு நாளா நான் தலையால அடிச்சுக்கிட்டது இதுக்குத்தான். மஞ்சத் தண்ணி மண்ணுக்குள்ள இறங்கினா மஞ்சள் மண்ணுலயே தங்கிடும். இப்படிப் பச்சையா வாசத்தோட வராது."

"அதத்தான் நானும் சொல்றேன். சாதாரணமா வராது."

அவர் இன்னொரு முறை ஏந்தினார். அவர் உள்ளங்கையில் தண்ணீர் வடிந்த பிறகும் ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றது. ஒரு வேப்பிலை. கிழியாமல், நசுங்காமல், முழுசாக. நிறம் மண் வழியாக ஊறி வரலாம் என்று யாராவது இன்னும் வாதாட முடியும். இலை ஊறி வராது. இலை வர வேண்டுமானால் லோங்காங்கிலிருந்து குழிவரைக்கும் வழி திறந்து கிடக்க வேண்டும். அந்த வழியில் இருந்த மண்ணெல்லாம் ஏற்கெனவே எங்கள் பம்ப் வழியாக வெளியே போய்விட்டிருக்க வேண்டும்.

அவர் கையோடு சேர்த்து இலையைப் படம் பிடித்துச் செல்வநாதன் சாருக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "காட்டிப்போட்டீர், பிள்ளை. நிப்பாட்டச் சொல்லும், நான் வாறன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். லோ அதற்குள் பக்கத்தில் வந்து நின்றிருந்தார். நான் பேச வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். முனியாண்டி அண்ணன் கையிலிருந்த இலையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். தோட்டத்துத் தமிழில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அது யாரையும் திட்டியதாகத் தெரியவில்லை. பிறகு மெஷின்காரரைப் பார்த்து, எடுத்த மண்ணை எல்லாம் திருப்பிச் சுவரோரம் தள்ளச் சொன்னார். இத்தனை மாதம் இறைத்த தண்ணீரை இனி இறைக்க வேண்டாம், குழி நிரம்பினால் நிரம்பட்டும், வெளியிலிருந்து தள்ளுகிற தண்ணீருக்கு உள்ளேயும் ஒரு எதிர்ப்பு வேண்டும் என்றார். நான் எழுதிக் கொடுத்தவை அத்தனையையும் அவர் படித்துத்தான் இருக்கிறார். ஏணிப் பக்கம் என்னைத் தள்ளிவிட்டுச் சொன்னார்: "பம்ப்ப நான் பாத்துக்கிறேன், நீ மேல ஓடிப்போயி அந்தப் பொம்பளைய வீட்ட விட்டு இழு."

சாம்பார்

கரகம் அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. புஷ்பம் அக்கா பின்கட்டில் இருந்தார். கூட உதவிக்கு இரண்டு பெண்கள். திருவிழா அன்னதானம் முழுக்க அவர் பொறுப்பு. மூன்று அடுப்பும் எரிந்துகொண்டிருந்தன. ரோஸ் சுவரில் வெடிப்பு மறுபடி வாயைத் திறந்திருந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியின் காலடியில் சிமெண்டுத் தரை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அதன் மேல் கொட்டிய தண்ணீர் எந்தப் பக்கமும் ஓடாமல், வெடிப்புக்குள் இறங்கிக் காணாமல் போய்க்கொண்டிருந்தது.

"அக்கா, அடுப்ப அணைங்க. எல்லாரும் வெளிய வாங்க."

"கோயில்ல ஜனம் வந்து உக்காந்துடும்மா. பருப்பு இப்பத்தான் சேந்திருக்கு."

"வீட்டுக்கு அடியில மண்ணு இல்ல."

"இதத்தான் போன மாசமும் சொன்ன. அதுக்கு முந்தின மாசமும் சொன்ன."

"அப்பயும் இல்ல அக்கா, இப்ப சுத்தமா இல்ல. இந்தத் தரை சும்மா பாலம் மாதிரி தொங்கிக்கிட்டு நிக்குது."

"பாலத்து மேல லாரியே போவுது. என் சட்டி நிக்காதா?"

கூட இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் இருந்தது. பாலத்தைக் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள், உங்கள் தரையை யாரும் அப்படிக் கட்டவில்லை என்று தொடங்கி நல்ல நீளமான பதில். சொல்ல வாயெடுத்தேன். தொட்டிக்குக் கீழே என்னமோ பொலபொலவென்று உதிர்கிற சத்தம் கேட்டது. பேச்சை விட்டுவிட்டேன். அடுப்புகளை ஒவ்வொன்றாகத் திருகி அணைத்தேன். கைத்துணியை எடுத்து, சாம்பார்ச் சட்டியின் ஒரு காதைப் பிடித்துத் தூக்கினேன்.

சட்டி என் பக்கம் சாய்ந்தது. சாம்பார் விளிம்புவரை வந்தது. "கொட்டிடாதடி," என்று புஷ்பம் அக்கா பாய்ந்து வந்து எதிர்க் காதைப் பிடித்தார். பிடித்த பிறகு அவரால் விட முடியவில்லை. நான் பின்னோக்கி நடந்தேன். அவர் என்னைத் திட்டிக்கொண்டே கூட வந்தார். என் குலத்தைத் திட்டினார், நான் படித்த படிப்பைத் திட்டினார், வாசற்படியைத் தாண்டும்போது 'கால் பாத்து' என்றும் சொன்னார். உதவிக்கு இருந்த இரண்டு பெண்களும் சோற்றுப் பானையோடு வந்தார்கள். லோ அனுப்பிய ஆட்கள் வந்து மற்ற சட்டிகளையும் சிலிண்டர்களையும் தூக்கினார்கள். எல்லாவற்றையும் எதிர்ச்சாரி வீட்டு நிழலில் இறக்கினோம். கடைசிச் சிலிண்டர் ரோட்டைத் தாண்டியதும், வீட்டின் பின்னால் தட்டு அடுக்கு சரிந்ததுபோல ஒரு சத்தம். அவ்வளவுதான். போய்ப் பார்த்தபோது பாத்திரத் தொட்டி குழாயைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. தொட்டிக்கு முன்னாலிருந்து அடுப்பு நின்ற இடம்வரைக்கும் தரை இல்லை. ஒரு வடைத் தட்டு மட்டும் கீழே மஞ்சள் தண்ணீரில் மிதந்தது.

புஷ்பம் அக்கா வாசலிலேயே நின்று பார்த்தார். உள்ளே போக நான் விடவில்லை. அழுவார் என்று எதிர்பார்த்தேன். வடை எத்தனை போச்சு என்று கேட்டார். செல்வநாதன் சார் வந்து, முன்பக்கம் தாங்கும், பின்கட்டைக் கட்டடக்காரர்களே திரும்பக் கட்டித் தர வேண்டும், அதற்குத் தானே பொறுப்பு என்று புஷ்பம் அக்காவிடம் சொன்னார். குழிக்குள் இதற்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியிருந்தது. சுவர் அசையவில்லை. கோயிலிலிருந்து ஆட்கள் வந்து, அன்னதானத்தை அந்த ரோட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பந்தி விரித்துவிட்டார்கள். முனியாண்டி அண்ணன் காய்ந்த சேற்றோடு முதல் பந்தியில் உட்கார்ந்திருந்தார். லோ நின்றுகொண்டே சாப்பிட்டார். புஷ்பம் அக்கா என் இலைக்கு வந்து, சோற்றுக்கு நடுவே குழி செய்து, சாம்பாரைக் கரண்டி நிறைய ஊற்றினார். நன்றி சொல்லப்போகிறார் என்று தலையை நிமிர்த்தினேன். "சட்டியத் தூக்குனா நான் பின்னாலயே வந்துடுவேன்னு தெரியாமத்தான், இத்தன மாசமா வாயால பேசிக்கிட்டுக் கிடந்தியா?"

எங்கள் தொழிலில் சுவர் ஒழுகுவதைக் கண்டுபிடிக்க ஒரு காலைப்பொழுது போதும், அதை மற்றவர்கள் கண்டுபிடிப்பதற்குத்தான் ஒரு திருவிழா வர வேண்டியிருக்கிறது.